கீழே வைக்காத பை

பஸ்ஸில் ஏறியதும் முதலில் கை, அப்புறம்தான் கண் என்பது கலியமூர்த்தி வகுத்த சட்டம். கண் காலி சீட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் வண்டியை எடுத்துவிடுவான். டெல்லி டிரைவருக்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் அரிசி மூட்டைகள். அதனால் கை போய்க் கம்பியைப் பிடித்த பிறகே கண் சீட்டைத் தேட வேண்டும். கல்யாணமாகி விருத்தாசலத்திலிருந்து வந்து இறங்கிய பாப்பம்மாளுக்கு இந்த ஊரில் அவர் முதன்முதலில் காட்டிய இடம் குதுப்மினார் அல்ல, பஸ் கம்பிதான். அமைச்சக அலுவலகம் ஒன்றில் கோப்புக் கட்டுகிற மனிதருக்கு வீட்டில் பெரிய அதிகாரம் எதுவும் கிடையாது. பஸ்ஸில் மட்டும் அவர் அதிகாரி. "கம்பி, பாப்பா, கம்பி" என்பார். அவளுக்குத் தலை நரைத்த பிறகும் அப்படித்தான் சொல்வார். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பாப்பம்மாளுக்கு மானம் போகும்.

அப்படிப்பட்டவர்தான் அன்றைக்குக் கம்பியை விட்டார். விடச் சொன்னவள் பாப்பம்மாள்.

அன்று சனிக்கிழமை. மறுநாள் ஆடிக் கிருத்திகை. மகன் அருள்ராஜுக்கு வருகிற ஜாதகமெல்லாம் ஏதாவது ஒரு சாக்கில் திரும்பிப் போய்க்கொண்டிருந்ததால், மலை மந்திர் முருகனுக்கு ஒரு புது வேட்டியும் தேங்காய் பழமும் வைத்து அர்ச்சனை செய்வதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். ஜனக்புரியில் கிடைக்காத வெற்றிலையா என்று கலியமூர்த்தி கேட்டார். கிடைக்கும், ஆனால் அது வடக்கத்தி வெற்றிலை, முருகனுக்கு ஆகாது என்றாள். முருகன் இத்தனை வருஷமாக டெல்லியில்தானே இருக்கிறார், பழகியிருக்க மாட்டாரா என்றார். இந்த மாதிரிப் பேச்சுக்குப் பதில் சொல்லி மாளாது. இரண்டு பேரும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் புறப்பட்டுப் போய் எல்லாவற்றையும் நம்மூர்க் கடையில் பார்த்துப் பார்த்து வாங்கினார்கள். யார் வீட்டுக் கல்யாணத்திலோ கொடுத்த தாம்பூலப் பை ஒன்றைத் துவைத்து மடித்து எடுத்துப் போயிருந்தாள். அதில் சாமி சாமான்கள் மட்டும்தான். மற்றவை கலியமூர்த்தியின் தோள் பையில்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டம். போதாக்குறைக்கு அதே மார்க்கெட்டில் மீன் வாங்கியவர்கள் பாதிப் பேர் அதே பஸ்ஸில் ஏறியிருந்தார்கள். பாலித்தீன் பைகளிலிருந்து ஐஸ் உருகி, நடைபாதை முழுக்க மீன் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற சனிக்கிழமைகளில் அந்தப் பைகளில் ஒன்று பாப்பம்மாள் கையில் இருக்கும். கடைக்காரனோடு இந்தியிலும் தமிழிலும் மாறி மாறிச் சண்டை போட்டு வாங்கி, வீடு வரைக்கும் அந்த வாசனையை ரசித்துக்கொண்டே வருவாள். அன்றைக்கு விரதம். அன்றைக்கு அது நாற்றம்.

தாம்பூலப் பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கலியமூர்த்தி வலது கையால் மேல்கம்பியைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையக் கீழ வச்சிட்டுக் கம்பியப் புடி."

"கீழயா? மீன் தண்ணி ஓடுது, தெரியலயா? முருகனுக்கு வாங்குனதக் கொண்டுபோயி அதுல வெக்கவா?"

"முருகன் ஒண்ணும் சொல்லமாட்டாரு."

"நீங்க கேட்டீங்களா?"

கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து, "ஆன்ட்டி, ஆப் பைட்டியே" என்று இடம் கொடுத்தாள். நல்ல பிள்ளை. ஆனால் அந்த சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் மடியில் ஒரு முழு மீன் வாலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாப்பம்மாள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நஹி பேட்டி, டீக் ஹை" என்று மறுத்தாள். அந்தப் பெண் மறுபடி உட்கார்ந்து போனைப் பார்க்கத் தொடங்கினாள். இந்த ஒரு நிமிஷத்தைப் பிற்பாடு பாப்பம்மாள் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பாள் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்திருக்கலாம். மீன் மேலே பட்டால் வீட்டுக்கு வந்து குளித்திருக்கலாம். பழத்தையும் வெற்றிலையையும் மறுபடி வாங்கியிருக்கலாம்.

பஸ் ஒரு மேம்பாலத்தில் ஏறி இறங்கியபோது அவள் தடுமாறிப் பக்கத்திலிருந்தவர் மேல் சாய்ந்தாள். கலியமூர்த்திக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"குடு இப்பிடி. நீ கம்பியப் புடி."

பையை வாங்கி இடது கையில் தொங்கவிட்டுக்கொண்டார். வலது கை மேல்கம்பியிலேயே இருந்தது. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பாப்பம்மாள் கண்ணில் பையின் காது பட்டது. கல்யாண வீட்டில் இலவசமாகக் கொடுக்கிற பையின் தையல் எவ்வளவு தாங்கும்? தேங்காய்க் கனத்துக்கு நூல் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தது.

"ஏங்க, காது அறுவுது! தொங்க வுடாதீங்க. கீழ வுழுந்துரும். அடியில குடுத்து ரெண்டு கையாலயும் புடிங்க."

அவர் மேல்கம்பியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ரெண்டு கையாலயும் புடிங்கன்றன்ல."

"மொதல்ல நீ புடிச்சியா?" என்று கேட்டார். அவள் பக்கத்திலிருந்த நெட்டுக்குத்தான கம்பியைப் பிடித்துக்காட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் மேல்கம்பியிலிருந்து கையை எடுத்துப் பைக்கு அடியில் கொடுத்தார்.

குறுக்கே ஒரு பேட்டரி ரிக்‌ஷா வந்ததாம். அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள், பாப்பம்மாள் பார்க்கவில்லை. அவள் பார்த்தது தன் புருஷனை. பிரேக் போட்டதும் பஸ் முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்தது. எல்லோருக்கும் பிடிக்க ஏதோ ஒன்று இருந்தது. அவர் மட்டும் அவளைப் பார்த்தபடியே சின்னச் சின்ன எட்டாகப் பின்னால் ஓடினார், குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிற ஆள் போல. முன் சக்கரத்துக்கு மேலே மேடாக இருக்கும் பெட்டியின் விளிம்பில் தலையின் இடது பக்கம் மோதியது. அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது. அவள் கை கம்பியை விடவில்லை. அவர் சொல்லிக் கொடுத்த கை அல்லவா, எப்படி விடும்?

கீழே கிடந்தவரின் நெஞ்சில் பை இருந்தது. இரண்டு கையும் அதன் அடியில் இருந்தன. ஒரு வெற்றிலைகூட வெளியே வரவில்லை.

தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து எடுத்தார்கள். உயிர் தப்பியது. வலது கையும் வலது காலும் பேச்சும் போயின.

ஜனக்புரித் தமிழர்கள் பார்க்க வந்தார்கள். அவர்களில் தினமும் வந்தவள் மாடிவீட்டு ஹம்சா. நல்ல மனசு. அந்த நல்ல மனசோடுதான் பாப்பம்மாளைக் கொன்றாள்.

"தேங்காய்கூட உடையலையாமே! எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கோ. முருகன்தான் காப்பாத்திக் குடுத்திருக்கான். அந்தப் பையைத் தூக்கி எங்கேயாவது போட்டுடாதேள். பூஜை அலமாரியிலேயே வெச்சுடுங்கோ."

ஹம்சாவே ஒருநாள் பூவையும் பழத்தையும் வெற்றிலையையும் எடுத்துப் போட்டுவிட்டு, வேட்டியும் தேங்காயும் விபூதியும் இருந்த பையைக் காது தைத்துக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள். வந்தவர்களெல்லாம் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் பாப்பம்மாளுக்கு, காப்பாற்றினவன் தேங்காயைத்தான் காப்பாற்றினான், இவரை இல்லை என்று வாய் வரைக்கும் வரும். சாமியைச் சொல்லக் கூடாது என்று விழுங்கிக்கொள்வாள். உண்மையில் அவளுக்குச் சாமி மேல் கோபமே இல்லை. சாமி கேட்கவில்லையே, இரண்டு கையாலும் பிடி என்று. கேட்டவள் இவள்தான்.

டிரைவர் மேல் கேஸ் போட்டு, வேலையிலிருந்தும் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்தான். அருள்ராஜ் வயசுதான் இருக்கும். வராந்தாவில் கைகூப்பிக்கொண்டு நின்றான். அருள்ராஜ் அவனைப் பார்த்துக் கத்தியதில் வார்டு நர்ஸ் ஓடிவந்தாள். "நிக்கல் யஹான் சே" என்று மகன் விரட்ட, அந்த ஆள் போகும்போது பாப்பம்மாளைப் பார்த்து இன்னொரு முறை கும்பிட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் அதைக் கோபம் என்று நினைத்திருப்பான்.

அன்று சாயங்காலம் அவள் மகனிடம் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி கேன்டீனில், ஆறிப்போன சாயாவை முன்னால் வைத்துக்கொண்டு, மீன் தண்ணீரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"உங்கப்பா கம்பிய வுடவே மாட்டாரு, அருளு. நாந்தான் வுடச் சொன்னேன். ரெண்டு கையாலயும் புடிங்கன்னு ரெண்டு வாட்டி சொன்னேன்."

அருள்ராஜ் போனைக் கவிழ்த்து மேஜையில் வைத்தான். அவனுக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனால் இது புரியாமல் இல்லை. முகம் வெளிறிப்போயிற்று. திட்டப் போகிறான் என்று நினைத்தாள். அதற்காகவே காத்திருந்தாள் என்றும் சொல்லலாம். யாராவது ஒருத்தர் ஒரே ஒரு தடவை ஏண்டி இப்படிப் பண்ணினாய் என்று கேட்டுவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம் போலிருந்தது.

"அம்மா, இது நீ யார் கிட்டயும் சொல்லாத" என்றான். "கேஸ் வீக் ஆயிடும். அப்பா கம்பி புடிச்சிட்டுதான் இருந்தார். ஓகே?"

"இல்லியேடா."

"புடிச்சிட்டு இருந்தார், அம்மா. அவ்ளோதான்."

எழுந்து போய்விட்டான். அதன் பிறகு அவன் அவளிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. மற்ற வார்த்தைகளும் குறைந்துபோயின. மருந்து வாங்கி வருவான், அப்பாவைத் துடைத்து விடுவான், டியூட்டிக்குப் போவான். அவள் போடுகிற சாப்பாட்டைத் தலை நிமிராமல் சாப்பிடுவான்.

இனி அவளைத் திட்டுவதற்குப் பாக்கி இருந்தவர் ஒருவர்தான். அவருக்கு வாய் வரவில்லை. அவருக்கு ஒரே ஒரு வார்த்தை வந்துவிட வேண்டும் என்பதைத் தவிரப் பாப்பம்மாளுக்கு இந்த உலகத்தில் வேறு வேண்டுதல் இல்லை. நல்ல வார்த்தையாக இருக்கத் தேவையில்லை. 'சனியனே' என்று சொன்னாலும் போதும், ஊரைக் கூட்டி விருந்து வைப்பாள்.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு தசைப் பயிற்சி சொல்லித்தர அபினவ் என்றொரு பையன் வந்தான். இளைஞன், பொறுமைசாலி. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் இரும்புக் கம்பி ஒன்றைப் பதிக்கச் சொன்னான். நல்ல கையான இடது கையால் அதைப் பிடித்து எழுந்து நிற்க வேண்டும். நின்று பழகினால்தான் நடை வரும். நடை வராமல் படுத்தே கிடந்தால் சளி கட்டி, புண் வந்து, ஒவ்வொன்றாகக் கெட்டுப்போகும் என்று இந்தியில் நிதானமாக எடுத்துச் சொன்னான்.

முதல் நாள் தூக்கி நிறுத்தியபோதே பாப்பம்மாள் பார்த்துவிட்டாள்.

அவருடைய வலது கை முழங்கையில் மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விரல்கள் இறுக மூடியிருந்தன. இப்படி அடிபட்டவர்களுக்கெல்லாம் கை இப்படித்தான் மடங்கும் என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். அது சரி. ஆனால் அபினவ் அவருடைய இடது கையைக் கொண்டுபோய்க் கம்பியில் வைத்ததும், அந்தக் கை ஒரு கணம் கம்பியில் இருந்துவிட்டு நழுவி வந்து, மூடிய வலது கைக்கு அடியில் போய் நின்றது. எதையோ தாங்குவது போல. மறுபடி கம்பியில் வைத்தான். மறுபடி அது வந்து அடியில் நின்றது.

"அங்கிள், கம்பா பக்டியே" என்று கம்பியைக் காட்டினான் அபினவ். பிறகு அவளைத் தேற்றுவது போல, பயப்பட வேண்டாம் ஆன்ட்டி, வராத கையை நல்ல கையால் தாங்கிக்கொள்வது எல்லா நோயாளிக்கும் உள்ள பழக்கம்தான் என்றான்.

எல்லா நோயாளிக்கும் இருக்கலாம். எல்லா நோயாளியும் பாப்பம்மாளுக்குப் புருஷன் இல்லை. முப்பது வருஷம் அவளுக்குக் கம்பி கம்பி என்று சொன்னவர், இப்போது கம்பியை நம்பாமல் இரண்டு கையாலும் ஒன்றுமில்லாததைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார். அவள் சொன்னதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். இன்னும் யாரும் போதும் என்று சொல்லவில்லை, அதனால் விடவில்லை. வேறு எப்படி இதைப் புரிந்துகொள்வது?

நாட்கள் போயின. நிற்க வைத்தால் கம்பியை விடுவார், கம்பியை விட்டால் சரிவார், அபினவ் பிடித்து உட்கார வைப்பான். "அவருக்கே இஷ்டம் வரணும் ஆன்ட்டி" என்று ஒருநாள் உதட்டைப் பிதுக்கினான். வாரத்தில் வருகிற நாட்களைக் குறைத்துக்கொள்ளலாமா என்று அருள்ராஜிடம் கேட்டுவிட்டும் போனான். இடுப்பில் சிவப்பாக ஒரு புண் தொடங்கியிருந்தது. அதைத் துடைக்கும்போது பாப்பம்மாளுக்குத் தெளிவாகத் தெரிந்தது: இவர் நிற்காவிட்டால் போய்விடுவார்.

அன்று மத்தியானம் அருள்ராஜ் டியூட்டிக்குப் போன பிறகு அவள் பூஜை அலமாரியைத் திறந்தாள். தாம்பூலப் பையை எடுத்தாள். குளித்திருக்கவில்லை, புண் துடைத்த கையையும் சரியாகக் கழுவவில்லை. அப்படியே எடுத்தாள். தேங்காயில் தண்ணீர் வற்றிப்போய் உள்ளே பருப்பு கடகடவென்று ஆடியது.

கலியமூர்த்தியைக் கட்டிலின் ஓரத்துக்கு நகர்த்தி, அபினவ் செய்வது போலவே இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். மெலிந்துபோயிருந்தார், எழுப்ப முடிந்தது. இடது கையைக் கம்பியில் வைத்து அதன் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு மற்ற கையிலிருந்த பையை அவர் கண்ணுக்கு நேராகத் தூக்கிக்காட்டிவிட்டு, தரையில் போட்டாள். காலையில் மூத்திரத் துணி அலசிய தண்ணீர் சிந்திக் காயாமல் கிடந்த தரை அது.

"பாருங்க. கீழ வச்சிட்டேன்."

அவர் பார்த்தார்.

"இது ஒண்ணும் சாமி இல்ல. வெறும் தேங்கா. நல்லா பாருங்க." காலைத் தூக்கிப் பையின் மேல் வைத்தாள். "மிதிச்சிட்டேன், பாத்தீங்களா? ஒண்ணும் ஆவுல. நாந்தான் தப்பா சொல்லிட்டேன். இனிமே ரெண்டு கையும் வேணாம். நீங்க சொன்னதுதான் சரி. கம்பியப் புடிங்க. ஏங்க, ஒங்க கால்ல வுழுவுறேன், கம்பியப் புடிங்க."

மெல்லக் கையை எடுத்துப் பார்த்தாள். அவருடைய கை கம்பியிலேயே இருந்தது. நழுவவில்லை. விரல்கள் கம்பியைச் சுற்றி இறுகின. அடிபட்ட நாளிலிருந்து யாரையும் எதையும் பார்க்காமல் சுவரிலேயே நின்றிருந்த அவர் கண், முதன்முறையாக ஒன்றை அடையாளம் கண்டுகொண்டு அதன் மேல் நின்றது. தரையில் கிடந்த பையின் மேல்.

"அப்பிடித்தான்" என்றாள் பாப்பம்மாள். "அப்பிடித்தான். வுட்ராதீங்க."

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கண் பையிலிருந்து அவள் காலுக்கு வந்து, மறுபடி பைக்குப் போனது. பிறகு கம்பியை விட்டுவிட்டு, நல்ல கையை நீட்டி, அதை எடுக்கக் குனிந்தார்.

அவள் பாய்ந்து இரண்டு கையாலும் அவரைக் கட்டிக்கொண்டாள். முழுக் கனமும் அவள் மேல் வந்தது. கம்பி ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது, அதைப் பிடிக்க ஒருவரிடமும் கை இல்லை. இரண்டு பேரும் கட்டிலில் முதுகு உரச மெல்ல மெல்லச் சரிந்து ஈரத் தரையில் உட்கார்ந்தார்கள்.

அடி எதுவும் படவில்லை. கலியமூர்த்தி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையால் துழாவிப் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் கால் பட்ட இடத்தை உள்ளங்கையால் துடைத்தார். துடைத்து முடித்ததும் கையை அதன் அடியில் கொடுத்து, தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வார்த்த திட்டுங்களேன்" என்று பாப்பம்மாள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "திட்டுங்களேன்."

அவர் பையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.